ஒரு தீவு, இரண்டு நாடு: செயின்ட் மார்ட்டினில் மொபைல் டேட்டா கேள்வி-பதில்

பாரிஸில் வசிக்கிறோம். கரீபியன் தீவான செயின்ட் மார்ட்டின் பிரான்ஸைச் சேர்ந்ததுதானே, எங்கள் பிரெஞ்சு சிம்மே போதாதா?

பாதித் தீவுக்குப் போதும். மரிகோ, கிராண்ட் காஸ் உள்ள வடபகுதி பிரான்ஸுடையது. 2017 ஜூனில் வந்த ஐரோப்பிய ஒன்றிய ரோமிங் விதி அங்கும் செல்லும். வீட்டுக் கட்டணத்திலேயே டேட்டா ஓடும். உங்கள் பிளானில் ரோமிங்குக்கென்று தனி ஜிபி வரம்பு உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தென்பகுதியான சின்ட் மார்ட்டன், நெதர்லாந்து முடியாட்சிக்கு உட்பட்டாலும் ஒன்றியத்தில் சேராதது. அங்குள்ள மொபைல் நிறுவனங்களான டெலெம் அல்லது ஃப்ளோவின் டவரைப் போன் பிடித்தால் கட்டணமே வேறு. பெரிய விமானங்கள் இறங்கும் பிரின்சஸ் ஜூலியானா விமான நிலையமும் தெற்கில்தான் இருக்கிறது. எனவே, இறங்கியதும் ஃபிளைட் மோடை எடுக்காதீர்கள்.

எல்லையில் சோதனைச்சாவடி கிடையாது. நீங்கள் வடக்கில் நின்றாலும், தெற்கு டவரின் சிக்னல் பலமாக இருந்தால் போன் சொல்லாமல் கொள்ளாமல் அதற்குத் தாவிவிடும். ஆய்ஸ்டர் பாண்ட் போன்ற எல்லையோர இடங்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். வடக்குக் கடற்கரைகளில் எதிரே தெரியும் பக்கத்துத் தீவான அங்குவில்லாவின் சிக்னல்கூடச் சிக்கலாம். அது மூன்றாவது நாட்டுக் கணக்கு.

இதைத் தடுக்க, வடக்குக்கு வந்ததும் செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குப் போய், நெட்வொர்க் தேர்வில் 'ஆட்டோமேட்டிக்' என்பதை அணையுங்கள். போன் ஓரிரு நிமிடம் தேடிப் பட்டியல் காட்டும். ஆரஞ்சோ எஸ்எஃப்ஆரோ, உங்கள் நிறுவனம் சொல்லும் நெட்வொர்க்கைத் தொடுங்கள். டேட்டா ரோமிங்கை அணைக்க வேண்டாம். அணைத்தால் பெரும்பாலும் வடக்கிலும் நெட் நின்றுவிடும். தெற்கே போகும்போது 'சேவை இல்லை' என்று வந்தால் பயப்படாதீர்கள், பில் ஏறவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். சில போன்கள் ரீஸ்டார்ட் ஆனதும் ஆட்டோமேட்டிக்குக்கே திரும்பிவிடும், அதைக் கவனியுங்கள்.

சென்னையிலிருந்து போகிறோம். ரோமிங் பேக் பட்டியலில் பிரான்ஸும் நெதர்லாந்தும் இருக்கின்றன. வாங்கலாமா?

அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பட்டியலில் இரு பகுதிகளின் பெயரும் தனித்தனியாக இருக்க வேண்டும். நெதர்லாந்து பேக் சின்ட் மார்ட்டனில் வேலை செய்யும் என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பேக் வாங்காவிட்டாலும் சர்வதேச ரோமிங் வசதியை ஊரிலேயே ஆன் செய்துவிடுங்கள். வங்கி ஓடிபி வர அது அவசியம். டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள். எஸ்எம்எஸ்ஸுக்கு டேட்டா தேவையில்லை.

இ-சிம் நல்லதா? எப்போது போடுவது?

அட்டை இல்லாமல் போனிலேயே நிறுவிக்கொள்ளும் சிம்தான் இ-சிம். இரு பக்கமும் சுற்றுகிறவர்களுக்கு எங்கள் முதல் சிபாரிசு இதுதான். ஆனால் 'பிரான்ஸ்' இ-சிம் வேண்டாம். இரு பகுதிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடும் கரீபியன் வட்டாரத் திட்டமாகப் பாருங்கள். *#06# அடித்தால் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயுடன், இ-சிம்முக்கான இஐடி எண்ணும் தெரிந்தால், போன் இ-சிம்மை ஏற்கும். போன் ஒரே நிறுவனத்துக்கு லாக் ஆகியிருக்கக் கூடாது.

வீட்டு வைஃபையில் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து நிறுவிவிடுங்கள். நிறுவவே இணையம் வேண்டும் என்பதால், விமான நிலையத்தில் போய் ஆரம்பித்தால் அல்லாட வேண்டிவரும். நிறுவிய நாளிலிருந்தா, முதலில் நெட்வொர்க் பிடித்த நேரத்திலிருந்தா, எப்போது செல்லுபடிக் காலம் தொடங்குகிறது என்று வாங்கும்போதே படியுங்கள். இறங்கியதும் டேட்டாவுக்கு இ-சிம்மைத் தேர்ந்து, அதன் டேட்டா ரோமிங்கை ஆன் செய்யுங்கள். சிக்னல் இருந்தும் நெட் வரவில்லையா? போனை நெட்டோடு இணைக்கும் ஏபிஎன் என்ற செட்டிங் பிழையாக இருக்கலாம். நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சலில் உள்ளதை எழுத்து மாறாமல் இடுங்கள். ஐபோனில் 'டேட்டா மாறுவதை அனுமதி' என்பதை அணைக்காவிட்டால், இ-சிம் தடுமாறும்போது டேட்டா இந்திய சிம்முக்குப் போய்விடும். வாட்ஸ்அப் பழைய எண்ணிலேயே இருக்கட்டும். மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தெற்கிலிருந்து வடக்கில் உள்ள உணவகத்துக்குப் போன் போட்டால் போகவே இல்லை. ஏன்?

இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அது வெளிநாட்டு அழைப்பு. பலகையில் 0590 என்று தொடங்கும் தரைவழி எண்ணுக்கு, முதல் சைபரை விட்டுவிட்டு +590 590 என்று இரண்டு முறை போட்டு, மீதி ஆறு இலக்கங்களை அடிக்க வேண்டும். முதல் 590 நாட்டுக் குறியீடு, இரண்டாவது எண்ணின் பகுதி. 0690 என்றால் மொபைல். +590 690 என்று வரும். வடக்கிலிருந்து தெற்குக்கு +1 721, பிறகு ஏழு இலக்கம். வாட்ஸ்அப்பில் கூப்பிட முடிந்தால் அதுவே மலிவு.

ஒரு வாரத்துக்கு எத்தனை ஜிபி வேண்டும்?

மேப், மெசேஜ், தினம் அரை மணி நேர வாட்ஸ்அப் குரல் அழைப்பு என்றால் 3 ஜிபி தாராளம். வீடியோ அழைப்பும் ரீல்ஸும் உண்டென்றால் 10 ஜிபி. கூகுள் போட்டோஸ் பேக்கப்பை வைஃபையில் மட்டும் என்று மாற்றுங்கள். பேக் சீக்கிரம் காலியாக அதுதான் முக்கியக் காரணம். கூகுள் மேப்ஸில் ஆஃப்லைன் மேப் போய், இரு பகுதிகளையும் ஒரே சதுரத்துக்குள் அடக்கி இறக்கிக்கொள்ளுங்கள். மொத்தத் தீவும் 90 சதுர கிலோமீட்டருக்குள்தான். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 2017 செப்டம்பரில் வந்த இர்மா மாதிரி ஒன்று அடித்தால் டவரும் மின்சாரமும் சேர்ந்தே போகும், அப்போது இந்த மேப் கைகொடுக்கும்.

உல்லாசக் கப்பலில் வருகிறோம்...

நடுக்கடலில் போன் பிடிப்பது கப்பலின் சொந்த நெட்வொர்க். நாட்டு பேக்குகளில் அது பொதுவாக அடங்காது. தெற்கில் உள்ள பிலிப்ஸ்பர்க் துறைமுகத்தில் கப்பல் நிற்கும்வரை ஃபிளைட் மோடிலேயே வையுங்கள்.

சார்ஜருக்கு என்ன செய்வது?

வடக்கில் 220 வோல்ட், உருண்டைக் கால் ஐரோப்பிய பிளக். தெற்கில் 110 வோல்ட், தட்டைக் கால் அமெரிக்க பிளக். சார்ஜரில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் மின்னழுத்தம் பிரச்சினை இல்லை. இந்திய இரண்டு கால் சார்ஜர் வடக்கில் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். தெற்குக்கு ஓர் அடாப்டர் எடுத்துப்போங்கள்.