வயதான குதிரையின் சமநிலையும் நடையும் சீராக என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் பண்ணையில் உள்ள பெண் குதிரைக்கு 16 வயது ஆகிறது. பல ஆண்டுகளாக நேர்ப்பாதையில் சவாரி போவதைத் தவிர வேறு பழக்கம் எதுவும் அதற்கு இல்லை. திருப்பங்களில் தோளைச் சாய்த்துக்கொண்டு விழுவதுபோல் திரும்புகிறது. கடிவாளத்தின் மேல் பாரத்தைப் போடுகிறது. டிராட் நடையில் (சாதாரண நடையைவிட வேகமான சிற்றோட்டம்) அவசரப்படுகிறது. கேன்டரில் (டிராட்டைவிட வேகமான பாய்ச்சலோட்டம்) இடப்புறமாகச் சுற்றும்போதும், உட்பக்கமான இடது முன்காலுக்குப் பதிலாக வலது முன்காலையே முன்வைத்து ஓடுகிறது. இந்த வயதில் இவற்றைத் திருத்த முடியுமா?

பதில்: முடியும். 16 வயதுக் குதிரை புதியதைக் கற்கும், தசையையும் வளர்த்துக்கொள்ளும். ஆனால் தாங்கள் குறைகளாக எழுதியுள்ள நான்கும், பழக்கமின்மையால் மட்டுமன்றி வலியாலும் வரக்கூடியவை என்பதால், பயிற்சியைத் தொடங்குமுன் கால்நடை மருத்துவரிடம் கால் மூட்டுகளையும் முதுகையும் பற்களையும் காட்டிவிடுங்கள். குறிப்பாகக் கேன்டரைப் பற்றி எழுதியது என்னை யோசிக்க வைக்கிறது. இடது முன்கால் முன்செல்லும் கேன்டரில் ஒவ்வொரு பாய்ச்சலின் முதல் அடியும் வலது பின்காலில் ஊன்றியே தொடங்குகிறது. ஆகவே இடப்புறக் கேன்டரை அது தொடர்ந்து தவிர்ப்பது, அந்த வலது பின்கால் பலவீனமாக இருப்பதையோ நோவதையோ காட்டக்கூடும். வலி இருந்தால், வலிநிவாரணி கொடுத்துவிட்டுப் பயிற்சியைத் தொடர்வது கூடாது. குளம்பின் முன்நுனி நீண்டிருந்தாலும் குதிரை இடறும். 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடத்தைச் சரிபார்க்க வேண்டும். வயதோடு முதுகுத் தசை வற்றுவதால், முன்பு பொருந்திய சேணம் இப்போது தோளை அழுத்தலாம், அதையும் பாருங்கள்.

உடல் நலமாக இருக்கிறது என்று தெரிந்தபின், குதிரை ஏன் முன்பக்கம் சாய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மீதி வேலை எளிதாகும். குதிரைக்குத் தோளையும் மார்பெலும்பையும் இணைக்கும் காறை எலும்பு கிடையாது. அதன் மார்புக்கூடு இரு முன்னங்கால்களுக்கு நடுவே தசைகளால் மட்டுமே தாங்கப்பட்டுத் தொங்குகிறது. நிற்கும்போதே ஏறக்குறைய 60 விழுக்காடு எடை முன்னங்கால்களின் மேல் விழுகிறது. அதன் மேல் சவாரி செய்பவரின் எடையும் சேரும்போது, பின்னங்கால்கள் உடலுக்கு அடியில் வந்து தாங்காவிட்டால், குதிரை முன்னோக்கிச் சரியாமல் இருக்க வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. அந்த அவசரத்தைக் கீழ்ப்படியாமை என்று எண்ணிக் கடிவாளத்தை இழுத்தால், சாய்ந்து நிற்க அதற்கு ஐந்தாவது கால் கிடைத்ததுபோல் ஆகிவிடும். தலையை வாரால் மார்போடு சேர்த்துக் கட்டிப் பழக்கும் முறையை நான் எந்தக் குதிரைக்கும் சொல்வதில்லை. வயதான குதிரைக்கு அது கொடுமை. கழுத்து வளைந்து அழகாகத் தெரியும், முதுகோ இறுகிப்போகும்.

ஆகவே வேலையைச் சாதாரண நடையிலிருந்து தொடங்குங்கள். வயதான மூட்டுகள் இளக நேரம் எடுக்கும் என்பதால், முதல் 10 முதல் 15 நிமிடம் கடிவாள வாரைத் தளர்த்தி, கழுத்தை நீட்டவிட்டு நடக்க விட வேண்டும். அதன்பின் நடையிலிருந்து நிற்பதும் நின்றதிலிருந்து நடப்பதுமாகப் பழக்குங்கள். நிற்கச் சொல்லும்போது உடலை நிமிர்த்தி, மூச்சை வெளிவிட்டு, விரல்களை மூடினால் போதும். குதிரை இசைந்த அதே நொடியில் விரல்களைத் தளர்த்திவிட வேண்டும், ஏனெனில் அந்தத் தளர்வுதான் அதற்குப் பாடம். பத்து அடி நடை, ஒரு நிறுத்தம், மீண்டும் நடை என்று ஒரு வாரம் பொறுமையாகச் செய்தாலே, பின்னங்கால்கள் சற்று முன்னே வந்து ஊன்றுவதைச் சேணத்தில் இருந்தபடியே உணர்வீர்கள். பிறகு டிராட்டுக்கு வாருங்கள். அங்கேயும் 10, 12 அடிகள் போனதும், அவசரம் தொடங்குமுன்பே நடைக்கு இறக்கி, நான்கைந்து அடிகளில் மீண்டும் ஏற்றுங்கள். ஓடத் தொடங்கியபின் பிடிப்பது தாமதம். டிராட்டில் அங்கவடியில் (சேணத்தில் தொங்கும் கால்வளையம்) கால் ஊன்றி எழுந்தெழுந்து அமர்வது முதுகுக்குச் சுமையைக் குறைக்கும்.

திருப்பங்களுக்கு 20 மீட்டர் விட்டமுள்ள வட்டம் போதும். சிறிய வட்டம் மூட்டுகளை வருத்தும். இங்கே பலரும் உட்பக்க வாரை இழுத்துத் திருப்புகிறார்கள்; கழுத்து மட்டும் திரும்பி, தோள் வெளியே நழுவுவதோ உள்ளே சாய்வதோ அதனால்தான். வெளிப்பக்க வாரைச் சீரான தொடுகையில் வைத்து, உட்பக்கக் காலால் விலாவை மெல்லத் தொட்டு, தோளையும் சேர்த்துத் திருப்புங்கள். இறுக்கமான பக்கத்தில் நீண்ட நேரம் வற்புறுத்த வேண்டாம். இளகிய பக்கத்தில் தொடங்கி, இறுகிய பக்கத்துக்குச் சிறிது சிறிதாகப் பலமுறை போய்வருவதே பலன் தரும். நீண்ட கயிற்றில் கட்டி வட்டமாக ஓட்டுவதையும் 10 நிமிடத்துக்கு மேல் செய்யாதீர்கள்.

தரையில் நாலைந்து கழிகளை வரிசையாகப் போட்டு அவற்றின்மேல் நடத்துவது, காலைத் தூக்கி வைக்கவும் முதுகை உயர்த்தவும் கற்றுக்கொடுக்கும். நடுத்தர உயரக் குதிரைக்கு நடையில் 80 முதல் 90 சென்டிமீட்டர், டிராட்டில் 1.2 முதல் 1.4 மீட்டர் இடைவெளி என்று தொடங்கி, அதன் அடிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மென்மையான ஏற்றத்தில் நடத்துவதும் பின்பக்கத் தசைக்கு மிக நல்லது. ஆழமான மணலையும் கட்டாந்தரையையும் தவிர்த்துவிடுங்கள்.

கேன்டரைச் சில வாரங்கள் தொடாமலே இருங்கள். டிராட் வட்டத்தில் நிதானம் வந்தபின், வட்டத்திலிருந்தே இடப்புறக் கேன்டரைக் கேளுங்கள். சரியான காலில் நான்கு பாய்ச்சல் கிடைத்தால் உடனே நடைக்கு இறக்கித் தட்டிக்கொடுங்கள். தவறான காலில் எடுத்தால் கடிந்துகொள்ளாமல், டிராட்டைச் சீராக்கி மீண்டும் கேளுங்கள்.

ஒருநாளைக்கு 30 முதல் 40 நிமிடம், வாரத்தில் நான்கைந்து நாள் என்பது இந்த வயதுக்குப் போதுமானது. மற்ற நேரங்களில் கொட்டகைக்குள் கட்டிவைக்காமல் உலவ விடுங்கள். மாற்றம் கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். மறுநாள் காலையில் அது எடுத்து வைக்கும் முதல் அடிகளைக் கவனியுங்கள். வழக்கத்தைவிட விறைப்பாக இருந்தால், முந்தைய நாள் வேலை மிகுதி என்று அறிந்து குறைத்துக்கொள்ளுங்கள். முன்னேற்றத்தை அறிய ஒரு வழி, சமன்படுத்திய மண்ணில் நடக்க விட்டு, பின்குளம்பின் தடம் முன்குளம்பின் தடத்தை எட்டுகிறதா, தாண்டுகிறதா என்று அளந்து எழுதிவைப்பது. இன்றே ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.