ஊருணி ஏலக் காசு: வழக்குக்குப் போகாதீர்கள், கணக்கை முடியுங்கள்

கேள்வி: திருப்புல்லாணி ஒன்றியத்தில் கடலோரக் கிராமம் எங்களுடையது. ஊருக்கு இருக்கும் ஒரே நல்ல தண்ணி ஊருணியை மூன்று தலைமுறையாக ஊர்க் கமிட்டிதான் பார்த்து வருகிறது. கரையில் உள்ள சீமைக்கருவேலத்தையும் மீன்பாசியையும் (மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் விட்டு, அந்தக் காசில் ஊருணி வேலையும் கோயில் திருவிழாவும் நடக்கும். சென்ற ஆண்டு கருவேலம் 1,85,000 ரூபாய்க்கும் மீன்பாசி 40,000 ரூபாய்க்கும் போனது. ஏலம் கிடைக்காத ஒருவர், முன்னாள் தலைவரின் மைத்துனர், கலெக்டரிடம் மனுக் கொடுத்துவிட்டார். இப்போது ஊராட்சித் தலைவர் இடத்தில் தனி அலுவலராக இருக்கும் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்), 15 நாளில் கணக்குக் காட்டிப் பணத்தை ஊராட்சியில் கட்டச் சொல்லி, பொருளாளரான என் பெயருக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். ராமநாதபுரம் சேதுபதி மன்னர் காலத்துச் செப்புப் பட்டயம் எங்களிடம் இருக்கிறது. முன்சீப் கோர்ட்டில் தடையுத்தரவு வாங்கலாமா? கரையில் நிற்கும் பனைகள் யாருக்குச் சேரும்? இந்தக் கோடையில் ஜே.சி.பி. வைத்துத் தூர்வாரவும் திட்டமிட்டிருக்கிறோம்.

பதில்: உங்கள் கடிதத்தில் பாதி அந்த மைத்துனரைப் பற்றி. அவர் பொறாமையில் மனுக் கொடுத்தாரா, தண்ணீர்ப் பஞ்சத்தில் ஊர்ப்பக்கம் வந்தாரா என்று எந்த அதிகாரியும் கேட்கப் போவதில்லை. மனுவில் இருப்பது உண்மையா என்றுதான் பார்ப்பார்கள். ஏலம் விட்டோம், காசு வாங்கினோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஊருணியின் சர்வே எண்ணுக்கு எதிரே அ-பதிவேட்டில் (எந்த நிலம் யாருடையது என்று காட்டும் வருவாய்த் துறைப் பதிவேடு) என்ன எழுதியிருக்கிறது? 'அரசு புறம்போக்கு, ஊருணி' என்று இருந்தால் உரிமைப் பேச்சு அத்தோடு முடிந்தது. பட்டயத்தை நம்பாதீர்கள். 1948-ம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 3(பி) பிரிவு, ஜமீனுக்குள் இருந்த பொது நிலங்கள், புறம்போக்குகள், குளங்கள், மீன்பிடி உரிமை எல்லாவற்றையும் வில்லங்கம் எதுவும் இல்லாமல் அரசிடம் சேர்த்துவிட்டது. மீன்பிடி என்று தனியாகவே அதில் எழுதியிருக்கிறது. சேதுபதி கொடுத்தது உண்மையாகவே இருக்கலாம். அந்தக் கொடை இந்தச் சட்டத்தைத் தாண்டி நிற்காது. பட்டயத்தைப் பத்திரமாக வையுங்கள், கோர்ட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

பதிவேட்டில் கோயில் பெயரிலோ அறக்கட்டளை பெயரிலோ பட்டா இருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது இந்தப் பதில் உங்களுக்குப் பொருந்தாது. பதிவேட்டின் நகலோடு மறுபடி எழுதுங்கள்.

வழக்கம் என்ற வாதத்தையும் எடுத்துக்கொள்வோம். ஊருணியில் குடம் வைத்துத் தண்ணீர் எடுக்கும் வழக்கத்தைச் சட்டம் மதிக்கும். கரை மரத்தை விற்றுக் காசாக்குவது அந்த வழக்கத்தில் சேராது. ஊர் மக்களின் பொது நன்மைக்கென்று வழக்கமாக வந்துகொண்டிருக்கும் சொத்தும் வருமானமும் ஊராட்சியைச் சேர்ந்தவை என்பதுதான் 1994 ஊராட்சிகள் சட்டத்தின் நிலை. எனவே 'மூன்று தலைமுறையாக ஊருக்காகத்தான் செய்தோம்' என்று நீங்கள் அழுத்திச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் ஊராட்சியின் வாதத்தைத்தான் பலப்படுத்துகிறீர்கள்.

இனி, இந்த மாதிரி விவகாரங்களில் கட்சிக்காரர்கள் போய் விழும் இடத்துக்கு வருகிறேன்.

கமிட்டி பதிவு செய்யப்படாதது. தன் பெயரில் அது வழக்குப் போட முடியாது. ஊர் மக்கள் சார்பாக என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 1 விதி 8-ன்படி போட்டால் கோர்ட் அனுமதி வேண்டும், பொது அறிவிப்பு வேண்டும். அறிவிப்பைப் பார்த்து முதலில் வருபவர் அந்த மைத்துனராகத்தான் இருப்பார்: 'நானும் இந்த ஊர்க்காரன்தான், எனக்கு இந்த வழக்கில் சம்மதமில்லை.' ஊர் ஒற்றுமையைச் சொல்லி ஆரம்பித்த வழக்கு முதல் வாய்தாவிலேயே இரண்டாகப் பிளந்து நிற்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து பிராதில், அதாவது நீங்கள் தாக்கல் செய்யும் வழக்கு மனுவில் இருக்கிறது. வழக்கை நிரூபிக்க, 'ஒவ்வொரு ஆண்டும் ஏலம் விட்டு வருமானம் பெற்று வந்தோம்' என்று பத்தி பத்தியாக எழுதி, ரசீது புத்தகத்தின் அடிக்கட்டைகளையும் ஆவணமாகப் போடுவீர்கள். சிவில் கோர்ட்டில் அது ஊருணியை அனுபவித்து வந்ததற்கான ஆதாரம். அதே தாள் போலீஸ் நிலையத்துக்குப் போனால் ஒப்புதல் வாக்குமூலத்துக்குச் சமம். கடந்த ஓராண்டுப் பணத்தைக் கேட்டு வந்த பி.டி.ஓ.வுக்கு இருபது ஆண்டுப் பணத்தைக் கேட்கும் வழியை நீங்களே காட்டியிருப்பீர்கள். நிலவரம் கெட்டால் வரக்கூடிய பிரிவுகள்: பாரதிய நியாய சன்ஹிதா 303(2) திருட்டு, 316(2) நம்பிக்கை மோசடி, அதோடு தமிழ்நாடு பொதுச்சொத்து சேதத் தடுப்புச் சட்டம் 1992. ரசீதில் 'ஊர்ப் பொதுமக்களுக்காக' என்று அச்சடித்திருந்தாலும் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து. பணம் உங்கள் பெயரையும் சேர்த்த கூட்டுக் கணக்கில்தான் போய் விழுந்திருக்கும். வழக்கில் முதலில் குற்றம் சாட்டப்படுபவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

முன்ஜாமீன் கிடைக்கும், கவலைப்பட வேண்டாம் என்று யாராவது சொல்லலாம். கிடைக்கும்தான். ஆனால் இப்படிப்பட்ட வழக்குகளில் தொகையைக் கட்டு என்ற நிபந்தனையோடுதான் பெரும்பாலும் கிடைக்கும். இன்று கட்ட மறுக்கும் அதே பணத்தை அன்று வக்கீல் ஃபீஸோடு சேர்த்துக் கட்டுவீர்கள்.

ஏலம் எடுத்தவரையும் மறந்துவிடாதீர்கள். அவர் மரத்தை வெட்டி லாரியில் ஏற்றும்போது வண்டி பிடிபட்டால், தனக்குச் சொந்தமில்லாத சரக்கை விற்றவர் என்று உங்கள் மீதே திரும்புவார். அவருக்கு இன்னும் வெட்ட வேண்டியது பாக்கி இருந்தால் இன்றே எழுத்து மூலம் நிறுத்தச் சொல்லுங்கள்.

உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடலாமா என்றால், அதில் இன்னொரு வில்லங்கம் உண்டு. நீர்நிலை என்ற சொல் காதில் விழுந்ததும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை முதலில் கேட்பது நில அளவைதான். சர்வேயர் வந்து புலப்படத்தை (நில அளவை வரைபடம்) வைத்து எல்லைக் கல் தேடுவார். கரையில் கோயிலுக்குப் போட்ட கொட்டகை, இளைஞர் மன்றத்து மேடை, கருவாடு காய வைக்கும் களம் எல்லாம் அந்த அளவில் வரும். நீர்நிலைப் புறம்போக்கில் இருக்கும் எதையும் வரன்முறை செய்து (சட்டப்படி செல்லும் என்று ஆக்கி) தரும் நிலையில் இன்று எந்த அதிகாரியும் இல்லை. 2011-ல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில், கிராமப் பொது நிலத்து ஆக்கிரமிப்பை வரன்முறை செய்யும் போக்கையே கண்டித்துவிட்டது. ஏலக் காசைக் காப்பாற்றப் போய்க் கொட்டகையை இழக்க வேண்டாம்.

ஆக, சமரசம்தான். எப்படி என்று சொல்கிறேன்.

நீங்கள் எழுதிய கணக்கின்படி வரவு 2,25,000. வேலிக்கு 62,000, மோட்டாருக்கும் குழாய்க்கும் 38,000, திருவிழாவுக்கு 75,000, கையிருப்பு 50,000. முதல் இரண்டு செலவும் ஊருணிக்கானவை. பில் இருந்தால் அந்த ஒரு லட்சத்தைக் கழித்துக்கொள்ளக் கேட்கலாம். பில் இல்லாத செலவைக் கேட்காதீர்கள். மொத்தக் கணக்கும் சந்தேகத்துக்குள்ளாகும். திருவிழாச் செலவு கழியாது. அது எவ்வளவு புனிதமான காரணமாக இருந்தாலும் ஊராட்சிப் பணத்தில் நடத்தியது என்றுதான் ஆகும். அந்த 75,000 கமிட்டி உறுப்பினர்கள் தங்கள் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டியது. உறுப்பினர்கள் ஆறு பேர் என்றால் ஆளுக்கு 12,500. பொருளாளர் என்பதற்காக நீங்கள் ஒருவரே முழுவதையும் சுமக்காதீர்கள். ஆறு பேரும் கையெழுத்திட்டுக் கட்டுங்கள். அப்படிக் கட்டினால் நாளைக்கு யாரும் 'எனக்குத் தெரியாது' என்று நழுவ முடியாது.

பதிலை 15 நாள் முடிவதற்குள் கொடுங்கள். அதில் உரிமை, பட்டயம், மைத்துனர் எதுவும் வேண்டாம். ஊருணியைப் பராமரிக்கும் நோக்கில் நல்லெண்ணத்தில் ஏலம் நடந்தது, வரவு செலவுக் கணக்கு இணைக்கப்பட்டுள்ளது, ஊருணிக்குச் செய்த செலவைக் கழித்து மீதித் தொகை 1,25,000 செலுத்தப்படுகிறது, இதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கருதக்கூடாது, இனி ஏலத்தை ஊராட்சியே நடத்தும். ஒரு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். பணத்தை கிராம ஊராட்சி நிதிக் கணக்கில் டி.டி. அல்லது வங்கிச் செலான் மூலம் மட்டும் கட்டுங்கள். ஊராட்சிச் செயலர் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு 'ரசீது அப்புறம் தருகிறேன்' என்ற பேச்சோடு திரும்பி வராதீர்கள். வி.ஏ.ஓ. எழுதிக்கொண்டு வரும் வாக்குமூலத்தில் 'பல ஆண்டுகளாக' என்ற சொல் இருந்தால் அதை அடிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஊருணி கையை விட்டுப் போய்விடுமே என்பதுதான் உங்கள் உண்மையான பயம். அதற்கு வழி கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இவற்றில் அடுத்து வரும் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவாருங்கள்: கருவேலத்தையும் மீன்பாசியையும் ஊராட்சி பொது ஏலம் விட வேண்டும், மரத்துக்கு வனத்துறை மதிப்பீடு வாங்க வேண்டும், வருமானத்தை முதலில் இந்த ஊருணிக்கே செலவிட வேண்டும், மேற்பார்வைக்கு ஊர்க்காரர்கள் ஐந்து பேர். கமிட்டி பெயரை எழுதாமல் ஆட்களின் பெயரை எழுதுங்கள். பழைய ஏலத்துக்கு இந்தத் தீர்மானம் ஒப்புதல் ஆகாது. அப்படி ஒரு வரியைச் சேர்க்க யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

கரையில் நிற்கும் பனைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கிராமக் கணக்கு 2சி-யில் (மரப்பட்டாக்களுக்கான பதிவேடு) யார் பெயரில் மரப்பட்டா இருக்கிறதோ அவர் பதநீரும் நுங்கும் எடுக்கலாம். அது மரத்துக்குத்தான், மரம் நிற்கும் நிலத்துக்கு இல்லை. 2சி-யில் இல்லாத பனையைக் கமிட்டி ஏலம் விட்டிருந்தால் அந்தத் தொகையையும் மேலே சொன்ன கணக்கில் சேருங்கள். யார் பெயரில் இருந்தாலும் ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்ட வேண்டாம்.

இந்தக் கோடையில் ஜே.சி.பி. வைத்துத் தூர்வாரும் திட்டத்தைத் தள்ளிப்போடுங்கள். சிறு கனிம விதிகள் 1959-ன் 12(2) விதியில் வண்டல் எடுக்க அனுமதி வாங்காமல் ஒரு டிராக்டர் மண் வெளியே போனாலும் வண்டியும் போகும், மேலே எழுதிய சமரசமும் போகும். அனுமதி கிடைத்த பிறகும் எவ்வளவு ஆழம் என்பதைப் பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். உங்கள் பக்கத்து ஊருணிகளில் மழைத்தண்ணீர் நிற்பது அடியில் இருக்கும் களிப்படிவால். அதை உடைத்தால் கீழிருந்து உப்பு ஊறிவிடும்.