எக்கோஸ்போர்ட்: குடியாத்தம் மச்சான் சொல்வது பாதிதான் சரி

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறேன். காட்பாடியில் பள்ளி ஆசிரியர் வேலை. போக வர தினமும் 50, 60 கிலோமீட்டர் ஆகிறது. வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு கார் கன்சல்டிங்கில் இரண்டு ஃபோர்டு எக்கோஸ்போர்ட் நிற்கின்றன. ஒன்று 2016 டீசல், இன்னொன்று 2018 பெட்ரோல். கிட்டத்தட்ட ஒரே விலை சொல்கிறார்கள். "கம்பெனியே கடையைக் கட்டிட்டுப் போயிடுச்சு, பழைய இரும்புக்கா காசு கொடுக்கிறே?" என்கிறார் மச்சான். வாங்கலாமா? எதை வாங்கலாம்?

பதில்: கம்பெனி இங்கே கார் தயாரிப்பதை நிறுத்தியது உண்மைதான். 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள். மறைமலைநகர் ஆலையில் ஏற்றுமதிக்கான எக்கோஸ்போர்ட் மட்டும் 2022 நடுப்பகுதி வரை ஓடியது. ஆனால் சர்வீஸும் உதிரிபாகமும் தொடர்ந்து கிடைத்து வருகின்றன. அதனால் "இரும்பு" என்பது கொஞ்சம் அதிகம். எந்த எஞ்சின், எந்த வருஷம் என்று பார்க்காமல் கலரைப் பார்த்து வாங்கினால்தான் மச்சான் வாக்கு பலிக்கும்.

இந்த வண்டியின் பூர்வீகம் பிரேசில். முதல் தலைமுறை 2003-ல் அங்கே வந்தது, இந்தியாவுக்கு வரவில்லை. நாம் தெருவில் பார்ப்பது இரண்டாம் தலைமுறை. 2012 ஜனவரியில் டெல்லியில் காட்டினார்கள். 2013 ஜூனில் விற்பனைக்கு வந்தபோது டெல்லி ஷோரூம் ஆரம்ப விலை 5.59 லட்சம். நீளம் 3,999 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் மிச்சம் வைத்ததற்குக் காரணம் வரி. 4 மீட்டருக்குள் இருந்து, பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசி-க்குள்ளோ டீசல் 1,500 சிசி-க்குள்ளோ இருந்தால் சின்ன கார் வரி. இதில் வேடிக்கை, 1.5 டீசலுக்கும் 1.0 டர்போ பெட்ரோலுக்கும் அந்தச் சலுகை கிடைத்தது, சாதாரண 1.5 பெட்ரோலுக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவு குட்டை வண்டிக்குப் பெரிய கார் வரி!

இப்போது உங்கள் இரண்டு வண்டிக்கு வருவோம்.

2018 பெட்ரோல் என்றால், 2017 நவம்பரில் முகத்தை மாற்றியபோது வந்த மூன்று சிலிண்டர் 1.5 எஞ்சினாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஓட்ட நன்றாக இருக்கும், சக்தி 123 பிஎஸ் (குதிரைத்திறன் மாதிரி ஒரு அளவு). ஆனால் அதன் டைமிங் பெல்ட் (எஞ்சின் வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூடவைக்கும் பட்டை) எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிற வகை. (1.0 டர்போவிலும் அப்படித்தான்.) ஆயிலை நேரத்துக்கு மாற்றாமலோ, கையேட்டில் சொன்ன கிரேடு தவிர வேறு ஆயில் ஊற்றியோ ஓட்டியிருந்தால் பெல்ட் ஊறி உதிரும். அந்தத் துகள்கள் ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்துக்கொள்ளும். ஆயில் மேலே ஏறாவிட்டால் எஞ்சின் காலி. ஆகவே இந்த வண்டிக்கு சர்வீஸ் பில்கள்தான் ஜாதகம். பில் இல்லை என்றால், கன்சல்டிங்காரர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

2016 டீசலில் அந்தத் தலைவலி இல்லை. அதன் பெல்ட் வெளியே ஓடுகிற சாதாரண வகை. ஃபிகோ, ஆஸ்பயர், ஃபியஸ்டாவிலும் இதே 1.5 டீசல் எஞ்சின் இருந்ததால் கைபட்ட மெக்கானிக்குகள் நம் பக்கமே இருக்கிறார்கள். 2015 கடைசியில் சக்தியை 91-லிருந்து 100 பிஎஸ் ஆக்கினார்கள், அதுவும் உங்களுக்கு லாபம். பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள். மாற்றவில்லை என்றால் அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். ரப்பருக்கு கிலோமீட்டர் மட்டுமல்ல, வயசும் கணக்கு.

"டீசலுக்குப் பத்து வருஷம்தான்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது டெல்லி வட்டாரத்து விதி. நமக்கு 15 வருஷம், அதன்பின் தகுதி பார்த்து 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். அந்த வண்டி 2031 வரை கவலையில்லாமல் ஓடும்.

தினம் 50 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு என் வாக்கு 2016 டீசலுக்குத்தான். வேலூர் டவுனுக்குள்ளேயே, தோட்டப்பாளையத்திலிருந்து கிரீன் சர்க்கிள் வரை போய்வருகிற ஆளாக இருந்தால் டீசலை நினைக்கவே வேண்டாம் என்றிருப்பேன், அதுவும் 2020-க்குப் பிந்தைய பிஎஸ்-6 (புதிய புகை விதி) டீசலை. அதில் புகைக்கரி வடிகட்டி உண்டு. சின்னச் சின்னத் தூரத்தில் அது சூடேறாமல் அடைத்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. வண்டி சென்னையில் ஓடியதா என்று கேளுங்கள். 2023 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கட்டும். நண்பர் ஒருவருக்காக ஒரு வண்டி பார்க்கப் போனபோது, உள்ளே புது சீட் கவர், மல்லிகைப்பூ வாசனை ஸ்பிரே, எல்லாம் பளபளப்பு. பின்சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். சுருளின் அடியில் ஒரு முழம் காப்பித்தண்ணி நிறத்தில் கோடு. புரோக்கர் வானத்தைப் பார்த்தார். நீங்களும் நான்கு பெல்ட்டையும் முழுசாக இழுங்கள். ஓட்டுநர் கால்மிதிக்குக் கீழே கார்ப்பெட்டைத் தூக்கி விரலால் தடவுங்கள். பிறகு காட்பாடி மேம்பாலத்தில் ஏறும்போது நிறுத்தி எடுத்துப் பாருங்கள், கிளட்ச் நிலவரம் அங்கே தெரிந்துவிடும். டைட்டானியம் பிளஸ் என்ற மாடலாக இருந்தால் ஆறு ஏர்பேக் உண்டு. விலை கொஞ்சம் கூட இருந்தாலும் அதை எடுங்கள்.

மச்சான் சொன்னதில் மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். பம்பர், விளக்கு, கதவு போன்ற பாடி சாமான் அடிபட்டால் சில நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், அருகிலுள்ள சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டு ஒரு ஹெட்லைட் எத்தனை நாளில் வரும் என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பெங்களூரில் இருந்து வந்த கர்நாடகா பதிவு வண்டி மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா? பழைய ஓனரின் இன்சூரன்ஸ் இன்னும் 8 மாதம் இருக்கிறதாம். (வாலாஜாபேட்டை வாசகர்)

பதில்: அந்த மலிவு, தமிழ்நாட்டில் கட்டவேண்டிய ஆயுள் வரியில் கரைந்துவிடும். அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அது தனி நடை. படிவம் 28-ல் தடையில்லாச் சான்று, கடன் இருந்தால் வங்கிக் கடிதமும் படிவம் 35-ம், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இவை கையில் வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் காப்பு (உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கானது) தானாக உங்களுக்கு வரும். உங்கள் வண்டி அடிபட்டால் கிடைக்கும் காப்பு அப்படி வராது. 14 நாளுக்குள் கம்பெனியில் பெயரை மாற்றுங்கள். நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காதவருக்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி) பழைய ஓனருடையது, வண்டியோடு வராது. அந்த வித்தியாசத்தை நீங்கள்தான் கட்டவேண்டும்.

கேள்வி: எக்கோஸ்போர்ட்டில் ஸ்டெப்னியை ஏன் பின்கதவில் தொங்கவிட்டார்கள்? இடைஞ்சலாக இருக்கிறதே! (ஆம்பூர் வாசகி)

பதில்: ஜீப் தோற்றத்துக்காக. டிக்கி 350 லிட்டர் சுமாருக்கு இருக்கும். ஆனால் கதவு மேலே தூக்காது, பக்கவாட்டில் திறக்கும், கைப்பிடி வலதுபக்க விளக்கை ஒட்டி இருக்கும். கதவு இடப்பக்கம் கீல் போட்டது, அதனால் நடைபாதை ஓரம் நிறுத்தினால் அந்தக் கதவே வழியை மறிக்கும். சுவருக்கு ஒட்டி நிறுத்துகிற வீட்டுக்கு இது நிஜமான தொல்லைதான். 2021 மார்ச்சில் வந்த எஸ்இ மாடலில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு பஞ்சர் கிட் வைத்தார்கள். ஏலகிரி 14 கொண்டை ஊசி வளைவுக்கு அடிக்கடி போகிறவர் என்றால் ஸ்டெப்னி உள்ளதையே பாருங்கள், சைடு கிழிந்த டயரை கிட் காப்பாற்றாது. பழைய வண்டியில் கதவைப் பாதி திறந்து மேல்நோக்கித் தூக்கிப் பாருங்கள். ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது, அதையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள்.