மூடாத அடை

அன்புள்ள ஆலோசகருக்கு,

குலசேகரம் பக்கம் எங்களுக்குத் தேனீ வளர்ப்புதான் தொழில். ரப்பர் தோட்டங்களில் அறுபது பெட்டி வைத்திருக்கிறோம். எனக்கு வயது 51. அப்பா போன பிறகு தம்பியை நான்தான் ஆளாக்கினேன். இன்று அவனால்தான் மனசு நொந்து எழுதுகிறேன்.

நான் கொள்கையோடு வாழ்கிறவன். நாலரைக்கு எழுந்துவிடுவேன். கடையில் சாயா குடிக்க மாட்டேன். வேட்டி தவிர வேறு உடுத்தியதில்லை. அவனோ அரை டிரவுசரோடு பெட்டி பார்க்கப் போகிறான். ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா தின்ன மார்த்தாண்டம் போகிறான். பாட்டிலில் மினுக்கு லேபிள் ஒட்டி வாட்ஸ்அப்பில் விற்கிறான். ஏழு வருடம் முன்பு ஒருமுறை தேனீக்கள் இன்னும் மெழுகால் மூடாத தேனடையை எடுத்ததற்கு ஆட்கள் முன்னால் வைத்து ஏசினேன். அதிலிருந்து அடை கட்டியிருக்கும் ஒவ்வொரு மரச்சட்டத்தையும் தூக்கிக் காட்டி, "அண்ணா, எடுக்கலாமா?" என்று கேட்பான். இந்த மாசியில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் இஷ்டத்துக்கு எடுக்கிறான். மரியாதை போயிற்று.

பணக் கணக்கில் அவனைக் குறை சொல்ல முடியாது. போன பங்குனியில் மழை பெய்து தேன் குறைந்தபோது, நாகர்கோவிலில் ஒரு சித்த வைத்தியருக்கு லேகியத்துக்குக் கொடுக்கவேண்டிய 20 கிலோவில் நாலு கிலோ போதவில்லை. பதினொரு வருடப் பழக்கம். பாதிகூட மூடாத அடைகளை இயந்திரத்தில் சுற்றித் தேன் எடுத்துக் கலந்து கொடுத்துவிட்டேன். எல்லாரும் செய்கிறதுதான். தம்பியும் பக்கத்தில்தான் நின்றான், ஒன்றும் சொல்லவில்லை. அது போகட்டும்.

டிரவுசர் விஷயத்தை எத்தனை தடவை சொல்லியாயிற்று! கேட்பதில்லை. இவனை மாற்ற என்ன வழி? அல்லது பெட்டிகளைப் பாகம் பிரித்துவிடவா?

– ஓர் அண்ணன்

அன்புள்ள அண்ணாச்சி,

டிரவுசரையும் பரோட்டாவையும் ஒதுக்கி வைக்கிறேன். "அது போகட்டும்" என்று எழுதினீர்களே, அது போகவில்லை. போயிருந்தால் நாலு கிலோ என்ற கணக்கு ஒரு வருடம் கழித்தும் உங்கள் நினைவில் நிற்காது.

ரப்பர் தேன் தளிர் இலையின் காம்பில் சுரப்பது, இயல்பிலேயே நீர்த்தது என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஈக்கள் சிறகடித்து நீரை வற்றவைத்த பிறகே மெழுகால் மூடுகின்றன. முக்கால் சட்டமாவது மூடிய பிறகு எடுப்பதும் அதற்காகத்தான். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. தாண்டினால் நாளடைவில் நுரைக்கும், புளிக்கும். அந்த லேகியம் பொங்கியிருந்தால் வைத்தியர் யாரைச் சந்தேகித்திருப்பார்? பதினொரு வருடமாகத் தேன் தருகிற உங்களை அல்ல. தன் பாகுபதத்தில்தான் பிழை என்று நினைத்திருப்பார். எனக்கு அதுதான் வலிக்கிறது.

நாலரைக்கு எழுவதும் வேட்டியும் சாயா வேண்டாம் என்பதும் நல்ல பழக்கங்கள். ஆனால் அவை உங்களுக்குப் பிடித்தவை. அவற்றைக் காப்பதில் உங்களுக்கு ஒரு ரூபாய் நட்டமில்லை. தம்பிக்குப் பிடித்தது வேறு, அவ்வளவுதான். அதை மாற்ற உங்களுக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. மூடாத அடையை எடுக்காதே என்பது மட்டும்தான் இதில் நெறி. அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும் நீங்கள்தான். நட்டம் வந்த ஒரே நாளில் கைவிட்டவரும் நீங்கள்தான். "எடுக்கலாமா?" என்ற கேள்வி நின்றது அதற்குப் பிறகு வந்த முதல் மாசியில். இதை மரியாதைக் குறைவு என்று நான் வாசிக்கவில்லை. யாரிடம் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

வைத்தியரை முதலில் கூப்பிடுங்கள். எந்த மாதம் கொடுத்தது, எத்தனை கிலோ, அதில் என்ன கலந்தது என்று சொல்லுங்கள். கலந்தது நாலு கிலோ என்றாலும் கெட்டது இருபதும்தான். ஆகவே மிச்சம் இருப்பதைத் திரும்ப வாங்கி, இருபது கிலோவுக்கும் பணமோ, மூடிய அடையின் தேனோ கொடுங்கள். அவர் இனி உங்களிடம் வாங்காமல் போகலாம். அதற்கும் தயாராகப் போங்கள்.

பிறகு தம்பியிடம் இரண்டே வாக்கியம்: "போன பங்குனியில் நான் செய்தது தப்பு. வைத்தியரிடம் சொல்லிவிட்டேன்." அதோடு நிறுத்துங்கள். இந்த இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். மழையைக் காரணம் சொல்வார்கள், அல்லது "நீயும்தான்" என்று ஆரம்பிப்பார்கள். நீங்கள் டிரவுசர் பேச்சை எடுத்தால் சொன்ன மன்னிப்பும் ஏச்சாகிவிடும். அவர் "சரி அண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம். போகட்டும், பின்னால் போகாதீர்கள்.

பாகம் பிரிப்பதை இப்போது யோசிக்க வேண்டாம். அடுத்த மாசியில் முதல் பெட்டியைத் திறக்கும்போது சட்டத்தை நீங்கள் தூக்கி அவர் பக்கம் காட்டுங்கள். "எடுக்கலாமா தம்பி?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் திரும்ப வைத்துவிடுங்கள்.