அண்ணனிடம் எதைப் பேசுவது?

கேள்வி: எனக்கு 26 வயது, வங்கியில் வேலை. பெண்ணியம் என்று பேச்செடுத்தாலே அண்ணன், "ஆம்பளைங்கள வெறுக்கிற கூட்டம்" என்று சிரிக்கிறான். அம்மாவோ, "அப்ப நான் இத்தனை வருஷம் சமைச்சுப் போட்டது அடிமைத்தனமா?" என்று கோபப்படுகிறார். வரன் வேறு பார்க்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் இதையெல்லாம் பேசக் கூடாதாம். எப்படிப் புரியவைப்பது?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அண்ணன் இருக்கட்டும், முதலில் அம்மா. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சமையலறையைச் சிறை என்று நீங்கள் சொன்னால், வாழ்நாளெல்லாம் அங்கே நின்றவருக்குத் தன்னைக் குறை சொல்வதாகத்தான் படும். உண்மையில், வீட்டு வேலையையும் உழைப்பாகக் கணக்கில் சேர்க்கச் சொல்லிச் சண்டை போட்டவர்களே பெண்ணியவாதிகள்தான். 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம்; ஆண்கள் 97 நிமிடம். (வீட்டில் துரும்பைக்கூட நகர்த்தாத ஆண்கள் இந்த 97-க்குள் வரவே இல்லை!) இதை அம்மாவிடம் சொல்லுங்கள். அப்புறம் அவர் பேசட்டும், நீங்கள் கேளுங்கள்.

அண்ணன் சொல்லும் வெறுப்புக்கு வருவோம். ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கும் கொடுமையை எதிர்த்துக் கோழிக்கோட்டில் 'பெண்கூட்டு' என்ற அமைப்பு போராடியது. கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்றன. பெண்கள் கேட்டு வாங்கிய அந்த நாற்காலியில் உட்கார ஆண் ஊழியருக்கும் உரிமை உண்டு. ஆண்களை வெறுக்கிறவர்கள் செய்கிற வேலையா இது?

ஆனால் ஒன்று. அண்ணன்மார் எல்லாரும் புரியாமல்தான் சிரிக்கிறார்கள் என்று நான் நம்பவில்லை. சொத்து விஷயத்தையே பாருங்கள். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டாகிவிட்டது. அது சட்டமாகத் தமிழ்நாட்டில் 1989 வரை ஆனது, அதுவும் அப்போது திருமணமாகாத மகள்களுக்கு மட்டும். 2005-ல்தான் நாடு முழுக்க இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் பத்திரப்பதிவு அலுவலகத்தில் தங்கைகள், 'எனக்குப் பங்கு வேண்டாம்' என்று எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடுமே என்ற பயம்! "பொம்பளைங்களுக்குத்தான் எல்லாம் கொடுத்தாச்சே" என்கிறவர்களிடம் இதைக் கேட்க வேண்டும். உங்கள் அண்ணன் அப்படிப்பட்டவரா, தெரியாது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விளக்கம் எழுதி மல்லுக்கட்டாதீர்கள்; அங்கே ஜெயிப்பது ஸ்டிக்கர்தான். தனியாக இருக்கும்போது, "நம்ம வீட்டில் எனக்குப் பங்கு உண்டா அண்ணா?" என்று கேட்டுப் பாருங்கள்.

வரன் விஷயத்தில் வீட்டார் சொல்வதைக் கேட்காதீர்கள். பெண்ணியம் என்று பெயர் சொல்லிப் பேச வேண்டிய அவசியமில்லை. ஆனால் சம்பளம் யார் கணக்கில் இருக்கும், காலையில் அடுப்படியில் யார் யார் நிற்பார்கள், உங்கள் அப்பா அம்மாவின் மருத்துவச் செலவுக்குப் பணம் அனுப்பினால் யாராவது முகம் சுளிப்பார்களா என்பதைப் பையனிடம் நேராகக் கேளுங்கள். "அதெல்லாம் அம்மா பார்த்துப்பாங்க" என்று பதில் வந்தால், நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் பிடிக்க அவசரப்பட வேண்டாம்.