இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருக்கும் ஆம்னி வேனைப் படுக்கை வண்டியாக வைத்துக்கொள்ள முடியுமா?

கேட்கப்பட்ட கேள்வி: "மதுரையில் இருக்கிறேன். பழைய மாருதி ஆம்னி வேன் ஒன்று விலைக்கு வருகிறது. உள்ளே படுக்கை, சமையல் சாமான் வைத்துக் குடும்பத்தோடு ஊர் சுற்ற ஆசை. இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருப்பதால் பராமரிப்பு தொல்லையாகும், சூடு தாங்காது என்கிறார்கள். உண்மையா?"

முடியும். 2012 மாடல் ஆம்னியை அப்படித்தான் வைத்திருக்கிறேன். அந்த வண்டியில் என் மகள் கொடைக்கானல் குளிரிலும் வைகை அணைக் காற்றிலும் தூங்கியிருக்கிறாள். சூட்டைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். அதைவிட முக்கியமான ஒன்றை எனக்கு யாரும் சொல்லவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆம்னியில் முன்பக்கம் பானட் கிடையாது. முன்னிருக்கையின் பூட்டை விடுவித்துப் பின்பக்கமாகச் சாய்த்தால்தான் இன்ஜின் கண்ணில் படும். உள்ளே மரவேலை செய்துகொடுத்த தச்சர் மிக அழகான வேலைக்காரர். இருக்கையின் முதுகை ஒட்டியே ஒரு பிளைவுட் அலமாரி செய்து, தரையோடு திருகி முடுக்கிக் கொடுத்தார். ஓர் அங்குல இடம்கூட வீணாகவில்லை என்று நானும் மகிழ்ந்துபோனேன். அடுத்த மாதம் போடிமெட்டு மலைச்சாலையில் ஏறும்போது ஏழாவதோ எட்டாவதோ கொண்டை ஊசி வளைவில் வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டது. ஓரமாக நிறுத்தினேன். இருக்கையைச் சாய்க்கப் பார்த்தால் அலமாரி இடிக்கிறது. அரிசி, பருப்பு, போர்வை, தண்ணீர்க் கேன் எல்லாவற்றையும் சாலையோரம் இறக்கி வைத்து, பதினான்கு திருகாணிகளைக் கழற்றிய பிறகுதான் இன்ஜின் மூடியைத் திறக்க முடிந்தது. ஒரு ரப்பர் குழாயின் கிளிப் தளர்ந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஒழுகியிருந்தது. இரண்டு நிமிட வேலைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. மனைவி அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊருக்கு வந்ததும் பழங்காநத்தம் பக்கம் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டினேன். "அண்ணே, வீட்டைக் கட்டிவிட்டு வாசலை அடைத்துவிட்டீர்களே" என்றார். அலமாரியை அன்றே பிரித்தேன். இப்போது முன்னிருக்கைக்கும் பின்னால் உள்ள சாமானுக்கும் இடையே இருக்கை முழுதாகச் சாயும் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறேன். அந்த இடத்தில் துணிப்பைகள் மட்டுமே இருக்கும். இழுத்தால் வந்துவிடும். நீங்கள் பலகை அறுக்கும் முன்பே இருக்கைகளைச் சாய்த்து, அவை எங்கே வந்து நிற்கின்றன என்று தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு அப்பால்தான் உங்கள் வீடு.

சூட்டுக்கு வருகிறேன். ஆம்னியின் 796 சி.சி. மூன்று சிலிண்டர் இன்ஜின் சின்னது, சுமார் 35 குதிரைத்திறன். அது நடுவில் இருக்க, கூலன்டை ஆறவைக்கும் ரேடியேட்டர் வண்டியின் மூக்கில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே கூலன்ட் போய்வரும் குழாய்கள் வண்டிக்கு அடியில் நீளமாக ஓடுகின்றன. குழாய் நீளும்போது கசியும் இடங்களும் கூடுகின்றன, காற்று அடைத்துக்கொள்ளவும் இடம் கிடைக்கிறது. கூலன்ட் மாற்றியபின் காற்றை முழுதாக வெளியேற்றாவிட்டால், அளவு சரியாகத் தெரிந்தாலும் ஏற்றத்தில் கொதிக்கும். அதனால் மாற்றிய மறுநாள் காலை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அளவை மீண்டும் பாருங்கள். குறைந்திருந்தால் உள்ளே காற்று இருந்திருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. போர் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் வீட்டுப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். ரேடியேட்டருக்குள்ளும் அதேதான் நடக்கும். ரேடியேட்டர் மின்விசிறி தானாகச் சுழலத் தொடங்குகிறதா என்பதை மலைக்குப் புறப்படும் முன் வீட்டு வாசலிலேயே நிறுத்தி ஓடவிட்டுப் பாருங்கள்.

மதுரையிலிருந்து போடி சுமார் 90 கிலோமீட்டர். ஆண்டிப்பட்டிக் கணவாயைத் தவிர அதுவரை பெரிய தொல்லை இல்லை. அதன்பிறகு போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். நான் விடியும் முன் வீட்டை விட்டுக் கிளம்பி, வெயில் ஏறும் முன் மலையேறிவிடுவேன். வழியில் இரண்டு முறையாவது நிறுத்துவேன். முள் பாதியைத் தாண்டினால் நின்றுவிடுவது என் வழக்கம். இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வருவேன். பிரேக்கை மட்டும் நம்பி இந்த எடையோடு இறங்கக் கூடாது.

இருக்கைக்குக் கீழே வரும் சூடு வேறு கதை. இன்ஜின் மூடியின் அடிப்புறத்தில் இருந்த பழைய விரிப்பு என் வண்டியில் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. வெப்பத்தைத் தாங்கும், அலுமினியத் தாள் ஒட்டிய கண்ணாடி இழை விரிப்பை மாற்றிய பிறகு நன்றாகத் தேறியது. மெத்தைக் கடைப் பஞ்சை அங்கே திணிக்காதீர்கள், தீப்பிடிக்கும். மூடியைச் சுற்றி இடுக்கை அடைக்கும் ரப்பர் பீடிங்கையும் மாற்றுங்கள். அது சூட்டுக்காக மட்டுமல்ல. புகைக்குழாயில் கசிவு இருந்தால் கார்பன் மோனாக்சைடு அந்த இடுக்கு வழியாகத்தான் நீங்கள் தூங்கும் அறைக்குள் வரும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. இன்ஜினை ஓடவிட்டு யாரும் அந்த வண்டிக்குள் தூங்கக் கூடாது. ஐந்து நிமிடம்கூட வேண்டாம். மே மாதத்தில் மதுரைக்குள் நிறுத்தி இரவு படுக்கும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். மலைக்கோ கடற்கரைக்கோ போனால்தான் அது சுகம். கொசுவலை கட்டிய ஜன்னலும், தனி பேட்டரியில் ஓடும் இரண்டு 12 வோல்ட் விசிறிகளும் எங்களுக்குப் போதுமாக இருக்கின்றன.

தீயைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெட்ரோல் குழாய் நீங்கள் உட்காரும் இடத்துக்கு அடியில், சூடான இன்ஜின் பக்கத்தில் போகிறது. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பருக்கு அது ஆகாது; ஊறி, பிறகு விரிசல் விடும். வண்டி வாங்கியதும் முதல் செலவு அந்தக் குழாய்களாக இருக்கட்டும். தீயணைப்பானை சறுக்குக் கதவை ஒட்டி, வெளியே நின்றபடி எடுக்கும்படி மாட்டுங்கள். நம் ஊர்களில் வீட்டுச் சிலிண்டரை வைத்து ஆம்னியை ஓட்டியவர்கள் உண்டு. அப்படிப்பட்ட பொருத்தம் இருந்ததற்கான தடயம் தெரிந்தால் அந்த வண்டியே வேண்டாம். சமையலும் வண்டிக்குள் வேண்டாம். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் மதுரை ரயில் நிலையம் அருகே நின்ற சுற்றுலாப் பெட்டியில் எரிவாயு சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். அந்தப் பெட்டியை விட நம் வண்டி எவ்வளவு சிறியது என்று யோசித்துப் பாருங்கள். நாங்கள் சாமானை இறக்கி, மரத்தடியில் அடுப்பு வைக்கிறோம்.

சட்டப்படி, பதிவுச் சான்றில் உள்ளபடி இல்லாமல் வண்டியை மாற்றியமைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இடம் தருவதில்லை. அதனால் நான் பின்னிருக்கையை எடுக்கவில்லை. அதை மடித்து, அதன்மேல் மூன்று துண்டுப் பலகைகளை வைத்தால் கட்டில். எதுவும் திருகப்படவில்லை, எதுவும் வெட்டப்படவில்லை.

இந்த அமைப்பால் நன்மையும் இருக்கிறது. எடை இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் விழுவதால், பின்னால் பாரம் ஏற்றினாலும் முன் சக்கரம் அலைவதில்லை. முன்னால் இன்ஜின் நீட்டிக்கொண்டு இல்லாததால் இவ்வளவு குட்டி வண்டியில் இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் கால் நீட்டிப் படுக்க முடிகிறது. பிரிட்டனில் 1980களில் இதே சுசுகி வகை வேனை பெட்ஃபோர்ட் ராஸ்கல் என்ற பெயரில் விற்றார்கள். அதன்மேல் 'பாம்பி' என்று ஒரு குட்டி வீட்டு வண்டியையே கட்டினார்கள். அதிலும் இன்ஜின் முன்னிருக்கைக்கு அடியில்தான்.

பார்க்கப் போகும்போது ஒரு டார்ச் எடுத்துப் போங்கள். இருக்கையைச் சாய்த்துக் காட்டச் சொல்லுங்கள். பூட்டு துருப்பிடித்துத் திறக்க மறுத்தால், அந்த இன்ஜினை நெடுநாளாக யாரும் பார்க்கவில்லை என்று பொருள். எலி கடித்த ஒயர் இருக்கிறதா, இன்ஜின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள், ராமேஸ்வரம் பக்கம் அதிகம் ஓடிய வண்டியா என்று கேளுங்கள். அடிப்பாகத்தைச் சுத்தியலின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். தகடு மங்கலாக ஒலித்தால் உப்புக்காற்று உள்ளே போய்விட்டது. அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.