கேள்வி: சொந்தமாக ஜேவிஎம் (ஜாவா நிரல்களை ஓட்டும் விஎம்) எழுதுகிறேன். கட்டாயமான சிஸ்டம் ப்ராப்பர்ட்டிகளை (விஎம், இயங்குதளம், பயனர் பற்றி நிரல்கள் கேட்கும் மதிப்புகளை) எங்கே, எப்போது நிரப்புவது? ஹலோ வேர்ல்டு கூட ஓடாமல் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறது.

பதில்: எந்தெந்த ப்ராப்பர்ட்டி கட்டாயம் என்ற பட்டியல் சிக்கலே இல்லை. சிஸ்டம் கிளாஸின் கெட்ப்ராப்பர்ட்டீஸ் மெதடுக்கான ஜாவாடாக் ஆவணத்தில் அட்டவணையாகவே போட்டிருக்கிறார்கள். உங்களைக் கவிழ்ப்பது நிரப்பும் வரிசை. (ஓபன்ஜேடிகே என்ற திறந்த மூல ஜாவா இருக்கும்போது இன்னொரு ஜேவிஎம் எதற்கு என்று கீழே கருத்துகளில் ஒருவர் கட்டாயம் கேட்பார். அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.)

சத்தமில்லாமல் நிற்கிறது என்றால் பெரும்பாலும் நடப்பது இதுதான். மதிப்புகளை வைக்கும் ப்ராப்பர்ட்டீஸ் கிளாஸ், ஹேஷ்டேபிள் கிளாஸின் வாரிசு. கீ, வேல்யூ இரண்டிலுமே ‘நல்’ (null, மதிப்பே இல்லாதது) ஏற்காது. விஎம்மின் சி மொழிப் பக்கத்திலிருந்து ஏதோ ஒரு மதிப்பு ‘நல்’ ஆக வருகிறது, புட் செய்யும்போது நல் பாயிண்டர் எக்ஸெப்ஷன் எழுகிறது. அதை அச்சிட சிஸ்டம்.எர்ர் (பிழைச் செய்திகள் வெளியேறும் ஸ்ட்ரீம்) வேண்டும். அதைக் கட்ட என்கோடிங்கும் லைன்.செபரேட்டரும் வேண்டும். அவை இன்னும் நிரப்பப்படவே இல்லை. ஆக, எக்ஸெப்ஷன் வெளியே வர வழியே கிடையாது. ‘நல்’ மதிப்பு வந்தால், சேர்க்கும் இடத்திலேயே அதை விட்டுவிடுங்கள். ஸ்ட்ரிங், கிளாஸ், த்ரெட் போன்ற அடிப்படைக் கிளாஸ்கள் முதலில், ப்ராப்பர்ட்டிகள் அடுத்து, ஸ்ட்ரீம்கள் அதற்குப் பிறகு. நடுவில் ஸ்டாட்டிக் பிளாக்கில் (கிளாஸ் இனிஷியலைஸ் ஆகும்போது ஓடும் பகுதியில்) ப்ராப்பர்ட்டி வாசிக்கும் எந்தக் கிளாஸும் இனிஷியலைஸ் ஆகக் கூடாது. கண்டுபிடிக்க, ஒவ்வொரு கிளாஸ் இனிஷியலைஸ் ஆகும்போதும் சி பக்கத்தில் ஒரு பிரிண்ட்எஃப் போடுங்கள். முந்திக்கொண்ட கிளாஸ் தானாக மாட்டும்.

எங்கே நிரப்புவது என்பது விஎம்மை எந்த ஜாவா அடிப்படை லைப்ரரியோடு சேர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குனு கிளாஸ்பாத் என்றால் (கடைசி வெளியீடு 0.99, 2012) விஎம்சிஸ்டம்ப்ராப்பர்ட்டீஸ் என்ற கிளாஸ் உங்கள் பொறுப்பு. அதில் ப்ரீஇனிட், போஸ்ட்இனிட் என்று இரண்டு மெதட். ப்ரீஇனிட்டில் நீங்கள் போடுகிறீர்கள், பிறகு விட்டுப்போன சிலவற்றை லைப்ரரி நிரப்புகிறது: எடுத்துக்காட்டாக, ஃபைல்.என்கோடிங் இல்லையென்றால் 8859_1. கடைசியாக போஸ்ட்இனிட். கமாண்ட் லைனில் பயனர் கொடுக்கும் மைனஸ் டி மதிப்புகளை இங்கேதான் போட வேண்டும், அப்போதுதான் லைப்ரரி எதையும் மேலெழுதாது. ஓபன்ஜேடிகே லைப்ரரி, புதிய பதிப்புகளில், இதைத் தலைகீழாகச் செய்கிறது. விஎம் தரும் மதிப்புகளையும் மைனஸ் டி மதிப்புகளையும் முதலில் வைத்துவிட்டு, இயங்குதளத்திலிருந்து வருவதை ‘ஏற்கெனவே இல்லையென்றால் மட்டும்’ சேர்க்கிறது. பயனர் சொன்னது வெல்கிறது, இரண்டிலும். ஒன்றின் பழக்கத்தில் மற்றொன்றுக்கு எழுதினால்தான் குழப்பம்.

மதிப்புகளில் மிக அதிகமாகத் தவறாவது ஓஎஸ்.ஆர்ச், அதாவது செயலி வகை. யூநேம் கட்டளை கொடுப்பதை அப்படியே தூக்கிப் போடாதீர்கள். அது கர்னலைப் பற்றிச் சொல்கிறது, ப்ராப்பர்ட்டி உங்கள் விஎம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். 64 பிட் கர்னலில் 32 பிட் விஎம் ஓடினால் ஐ386 என்றே வர வேண்டும். 64 பிட் இன்டெல் வகைச் செயலியிலும் லினக்ஸ் ஓபன்ஜேடிகே ஏஎம்டி64 என்கிறது, மேக்கில் எக்ஸ்86_64 என்கிறது. ஜார் என்ற ஜாவா தொகுப்புக் கோப்புக்குள்ளிருந்து நேட்டிவ் லைப்ரரியை உருவும் பல நிரல்கள் இந்த எழுத்துகளைத்தான் ஒப்பிடுகின்றன. உங்கள் எழுத்துக்கூட்டல் மாறினால் ‘லிங்க் எர்ரர்’ வந்து நிற்கும், காரணம் இங்கே இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது.

பயனரின் ஹோம் டைரக்டரியைச் சொல்லும் யூசர்.ஹோம் அடுத்தது. ஓபன்ஜேடிகே லினக்ஸில் ஹோம் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை அல்ல, பாஸ்வேர்டு ஃபைலில் உள்ள பதிவைத்தான் முதலில் பார்க்கிறது. கன்டெய்னரில் பெயரில்லாத யூசர் எண்ணில் ஓடினால் பதிவே இருக்காது. பழைய பதிப்புகள் அப்போது ஒற்றைக் கேள்விக்குறியை மதிப்பாக வைத்தன, நிரல்களும் அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டரை உருவாக்கி அதில் எழுதின! பதிவு இல்லையென்றால் ஹோம் வேரியபிளைப் பாருங்கள்.

பாதைகளை ஜாவா ஸ்ட்ரிங்காக மாற்றும்போது நியூஸ்ட்ரிங்யூடிஎஃப் என்ற ஃபங்ஷனை நேரடியாக அழைக்கவும் கூடாது. அது எதிர்பார்ப்பது திருத்தப்பட்ட யூடிஎஃப்-8. இயங்குதளத்தின் என்கோடிங் வேறாக இருந்தால், ஹோம் டைரக்டரியில் ஒரு தமிழ் எழுத்து போதும், பாதை சிதைந்துவிடும். யூசர்.டிர்ரை (நிரல் ஓடும் டைரக்டரியை) தொடக்கத்தில் ஒருமுறை எடுத்து வைத்தால் போதும். அதற்குப் பிறகு விஎம்முக்குள் டைரக்டரி மாற்றாதீர்கள்.

ஜாவா.ஸ்பெசிஃபிகேஷன்.வெர்ஷனும் (ஜாவா பதிப்பு) ஜாவா.கிளாஸ்.வெர்ஷனும் (கிளாஸ் ஃபைல் வடிவ எண்) ஜோடி: 1.8 என்றால் 52.0, 11 என்றால் 55.0, 17 என்றால் 61.0. உங்கள் விஎம் உண்மையில் ஓட்டக்கூடியதைச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு புலம்பல். ஜாவா.வெர்ஷனின் மூன்றாவது எழுத்தை வெட்டி எடுத்து எண்ணாக்கும் நிரல்கள் இன்னும் உலவுகின்றன. 1.8 காலத்தில் சரியாக 8 கிடைத்தது. 11.0.2 வந்தால் அங்கே புள்ளி, 17 வந்தால் மூன்றாவது எழுத்தே இல்லை. வெண்டர் பெயரைப் பார்த்து ‘இந்த ஜேவிஎம்மில் ஓடமாட்டேன்’ என்று அடம்பிடிப்பவையும் உண்டு. ரன்டைம் கிளாஸில் வெர்ஷன் மெதட் ஜாவா 9 முதலே இருக்கிறது, பயன்படுத்தினால் என்ன? இவர்களுக்காக வெண்டர் பெயரில் பொய் சொல்லத் தோன்றும், சொல்லாதீர்கள். பின்னால் வரும் பிழைப் புகார்களெல்லாம் தவறான வீட்டுக் கதவைத் தட்டும். ஓஎஸ்.ஆர்ச் எழுத்துக்கூட்டலை ஒத்துப்போகச் செய்வது வேறு, ஆள்மாறாட்டம் வேறு.

சோதிக்க, அதே கணினியில் ஓபன்ஜேடிகேயை எக்ஸ்ஷோசெட்டிங்ஸ் ப்ராப்பர்ட்டீஸ் ஆப்ஷனோடு ஓட்டி வரும் பட்டியலையும் உங்களுடையதையும் டிஃப் எடுங்கள். பெயரில்லாத யூசர் எண்ணோடு ஒருமுறை, தமிழ்ப் பெயருள்ள டைரக்டரியிலிருந்து ஒருமுறை, லொகேலை (மொழி அமைப்பை) ‘சி’ என்று வைத்து ஒருமுறை.